முப்பத்தெட்டு நிமிட மழை

2022 ஆகஸ்ட் 16, மாலை வானிலை அறிக்கை: மறுநாள் மழை இல்லை.
2022 ஆகஸ்ட் 17, இராயபுரம், என் மொட்டை மாடி: 11.4 மி.மீ., 38 நிமிடம்.
2022 ஆகஸ்ட் 20, கப்பல் நேரத்தாள்: 17ஆம் தேதி மழை, 4 மணி 30 நிமிடம்.
2022 செப்டம்பர் 26, ஒப்பந்தக்காரர் கடிதம்: 17ஆம் தேதி மழை, 0.

நான்கும் ஒரே மாலையைப் பற்றியவை. அந்த மாலையில் செத்துப்போனவர் நிலவன், வயது முப்பத்தொன்பது, உரக் கப்பல் வேலையில் மூட்டை ஏற்றும் கூலி. நான் இங்கே எழுதுவது அவருடைய மனைவி கார்குழலியைப் பற்றி. அவளே சொன்னால் இன்னும் நன்றாகச் சொல்வாள். ஆனால் அவளுக்குத் தேதிகளில் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதும், வேலை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எதனால் நின்றது என்று எழுதுவதும் என் வேலை. வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்து, மழை வந்த நேரம், விட்ட நேரம், அளவு மூன்றையும் தனி நோட்டில் எழுதி வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை.

கார்குழலி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். பழைய சாக்குகளை எடைக்கு வாங்கி, அலசி, மாடியில் உலர்த்தி, கிழிசலைத் தைத்து மண்டிகளுக்குக் கொடுப்பாள். ஈரச் சாக்கு இரண்டு நாள் கிடந்தால் நாறிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு வானத்தைப் பார்ப்பது பிழைப்பு. காலை ஐந்தரைக்குத் தொலைக்காட்சிச் செய்தி, அப்புறம் வானிலை மையத்தின் அறிக்கை, அப்புறம் போனில் ராடார் படம். மூன்றையும் பார்த்துவிட்டு, தினசரி காலண்டரில் முந்தின நாள் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டு சொல் எழுதுவாள். சாயங்காலம் அதன் கீழேயே நடந்ததை எழுதுவாள். அந்தத் தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள்.

நிலவன் வானத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டாராம். "மேல கீறத அவ பாத்துக்குவா, கீழ கீறத நான் தூக்கிக்கிறேன்" என்று தோஸ்துகளிடம் சொல்வாராம். அவருக்கு நாள்தோறும் இரண்டு வேலைகளில் ஒன்று கிடைக்கும். ஒன்று கப்பல் வேலை. கூலி அதிகம், ஆனால் வெட்டவெளி. மழை வந்தால் வேலை நின்று, உட்கார்ந்த கூலி என்று இருநூறு ரூபாய்தான் கையில் வரும். இன்னொன்று மணலியில் கிடங்கு வேலை. கூலி குறைவு, தலைக்கு மேல் கூரை உண்டு. எதற்குப் போவது என்பதைக் கார்குழலிதான் சொல்வாள். பிளாக்கில் மற்றவர்களும் அவளைக் கேட்பார்கள். கீழே நின்று, "குழலி, வடாம் போடலாமா? சாமியானா வாங்கலாமா?" என்று குரல் கொடுப்பார்கள். அவள் ஜன்னல் வழியே ஒரு வார்த்தை சொல்வாள். தப்பாகப் போனால் சாயங்காலம் திட்டும் அவளுக்குத்தான்.

அவளுடைய தாள்களை நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 16 வரை எழுபத்தேழு நாள். அறுபத்துமூன்று நாள் அவள் எழுதியபடி நடந்தது. பதினொரு நாள் மழை வரும் என்று எழுதி, வரவில்லை. மூன்று நாள் வராது என்று எழுதி, வந்தது. தென்மேற்குப் பருவத்தில் சென்னையின் இடிமழையை இதைவிட நெருக்கமாகப் பிடிப்பது கஷ்டம். அது மாலையில் மேற்கே திரண்டு, ஒரு தெருவை நனைத்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமல் கடலுக்குப் போய்விடும்.

ஆகஸ்ட் 17ஆம் தேதிக்கு அவள் எழுதியிருந்தது இது: "மழ இல்ல. கப்பல்."

மாலை 5.18க்கு மழை பிடித்தது. முன்னால் காற்று, பின்னால் மழை. யூரியா மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கப்பல் தளத்தில் மூடாமல் நின்றிருந்தது. யூரியா நனைந்தால் கரைந்து ஓடும், கூலியில் பிடிப்பார்கள். மேஸ்திரி பரசுராமன் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மேலே ஏறச் சொன்னார். பரசுராமன் அதே பிளாக்கில் முதல் மாடிக்காரர், கார்குழலி அண்ணா என்று கூப்பிடுகிறவர். நிலவன் ஏறினார். தார்ப்பாயைப் பிரித்த நேரம் அதன் அடியில் காற்று புகுந்து தூக்கியது. கையை விட்டிருந்தால் தார்ப்பாய் மட்டும் போயிருக்கும். அவர் விடவில்லை. பன்னிரண்டடி உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தார். தலை தளத்துத் தண்டவாளத்தில் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

5.56க்கு மழை விட்டது. 6.20க்குத் தளத்தைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

எப்படிச் செத்தார் என்று கேட்டுக் கார்குழலி போட்ட கடிதத்துக்கு, நாற்பது நாள் கழித்து ஒப்பந்தக்காரர் திருமுருகனிடமிருந்து பதில் வந்தது. கடிதத்தின் வாசகம் அப்படியே: "மேற்படி நாளில் மழை எதுவும் பெய்யவில்லை. தார்ப்பாய் போர்த்தும் வேலை எதுவும் தரப்படவில்லை. மேற்படி நபர் மது அருந்தியிருந்ததால் மாலை 5 மணிக்கே வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். அதன்பின் அனுமதியின்றி லாரியின் மீது ஏறித் தவறி விழுந்துள்ளார்." கூடவே மூன்று இணைப்புகள். முதலாவது, அதற்கு ஆதரவாகப் பரசுராமன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். இரண்டாவது, வேலை தடையில்லாமல் நடந்தது என்று காட்ட, அன்று மாலை 6.31 முதல் 9.40 வரை சரக்கோடு வெளியே போன பத்தொன்பது லாரிகளின் கேட் சீட்டுகள். மூன்றாவது, மழை இல்லை என்பதற்குச் சாட்சியாக முந்தின நாள் மாலை வானிலை அறிக்கையின் நகல்.

மழை வருமா என்று முன்கூட்டிச் சொன்ன தாளை, மழை வரவில்லை என்பதற்குச் சாட்சியாக இணைத்த ஆளை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

கார்குழலிக்கு அந்த நகல்தான் நெஞ்சில் குத்தியது. அதே அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் அவள் நிலவனைக் கப்பலுக்கு அனுப்பினாள். அடுத்தபடி, மது என்ற சொல். நிலவன் 2011இல் பெரம்பூரில் ஒரு புத்த விகாரையில் பஞ்சசீலம் ஏற்றவர். அதில் ஐந்தாவது, போதை தொடாமை. இருமல் மருந்தில் நெடி வருகிறது என்று அதையே தள்ளிவைத்தவர். கூட வேலை செய்தவர்கள் அவரைச் சாமியாரு என்றுதான் கூப்பிட்டார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மதுவைப் பற்றி ஒரு வரி இல்லை; இருந்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த இடைவெளியில் திருமுருகன் ஒரு சொல்லை வைத்துவிட்டார். அந்தச் சொல்லை அடிக்க வேண்டும், மழை பெய்தது என்று அந்த ஆள் வாயாலேயே சொல்ல வேண்டும். இதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பணத்தைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டாள்.

அவள் என் வீட்டுக்கு வந்தது 2022 அக்டோபர் 9, ஞாயிறு. துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மஜீது, மழையை எழுதி வைக்கும் கிழவன் ஒருவன் இராயபுரத்தில் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"சார், ஆகஸ்ட் பதினேழு சாய்ங்காலம் உங்க வூட்டாண்ட மழ பெஞ்சிச்சா?"

நோட்டை எடுத்துப் படித்தேன். 17.18, 17.56, 11.4. அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு கைப்பையிலிருந்து அவளுடைய காலண்டர் தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். அதன் கீழ்ப்பாதி வெற்றாக இருந்தது. சாயங்காலம் எழுத வேண்டிய இடம்.

"அறிக்க போட்டவன் மேல ஒரு மாசம் கோவமா இருந்தேன். போனக்கூட ஒடச்சிட்டேன். அவன் ஏமாந்துட்டான், அவ்ளோதான். இவன் ஏமாத்திகினு கீறான். இவன வுட மாட்டேன்" என்றாள்.

அவள் தொடுத்த இழப்பீட்டு வழக்கின் விசாரணையில் நான் சாட்சியாகப் போனேன். 2023 பிப்ரவரி 21, செவ்வாய். என் நோட்டைக் கொடுத்தேன். திருமுருகனின் வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாக, உங்கள் வீட்டுக்கும் அந்தத் தளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் என்றேன். சென்னையில் ஆகஸ்ட் மாதத்தில் ஓரிடத்தில் மழை பெய்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெய்யாமல் இருப்பதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நைனா ஆமான்ன?"

"அது உண்மை."

"உண்மையா? அவன் அவ்ளோ பொய் சொல்லிகினு கீறான், நீ ஒண்ணே ஒண்ணு சொல்லக் கூடாதா? உன் நோட்டக் கொண்டுபோய் அடுப்புல போடு."

நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபம் நியாயம். ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக அல்ல. நான் அவளிடம் நாலரை மாதமாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் சொன்னேன்.

ஒரு கப்பல் வந்தால், இத்தனை நாளில் இறக்கி முடிப்பேன் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுப்பார். அதைத் தாண்டினால் கப்பல் கம்பெனிக்கு நாள்கணக்கில் அபராதம் கட்ட வேண்டும். மழை பெய்து வேலை நின்ற நேரம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் கப்பலுக்கு ஒரு நேரத்தாள் எழுதுவார்கள். எல்லாத் தரப்பும் அதில் கையெழுத்துப் போடும். அரை மணி மழை பெய்தால் அதில் மூன்று மணி என்று ஏறும். இதற்குத் துறைமுகத்தில் மழையை இழுப்பது என்று பெயர். எல்லோருக்கும் தெரியும். வெளியே யாரும் பேச மாட்டார்கள். பேசினால் தளத்தில் யாருக்கும் வேலை இருக்காது. நானும் பேசாமல் இருந்தவன். என் கையால் 214 முறை மழையை இழுத்து எழுதியிருக்கிறேன். அன்றன்று வீட்டுக்கு வந்து உண்மையான நேரத்தை எழுதி வைத்தேன். மாடியில் மழைமானி வைத்ததே அதற்குத்தான். அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் நடக்கவில்லை.

ஆகவே ஆகஸ்ட் 17க்கும் ஒரு கப்பல் நேரத்தாள் இருக்கும், அதில் மழை பெய்யாமல் இருக்காது என்றேன்.

 "எவ்ளோ இழுத்துருப்பான்?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

மார்ச் 14ஆம் தேதி அந்தத் தாளை வரவழைக்க மனுப் போட்டோம். அதுவரை வழக்கைக் கொசுவாக நினைத்திருந்த திருமுருகன், ஜூன் 18ஆம் தேதி நேரில் வியாசர்பாடிக்கு வந்தார். மூன்று மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்க, சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, சட்டப்படி வருவதைவிட ஒன்றரை மடங்கு தருகிறேன், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார். அவள் தைப்பதை நிறுத்தாமல், அன்றைக்கு மழை பெய்தது, அவர் குடிக்கவில்லை என்று எழுதிக் கொடு, பணமே வேண்டாம் என்றாள். செத்தவருக்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"எழுத்துல ஒண்ணும் இல்லன்னா நீ ஏன் மூணு மாடி ஏறி வந்துகீற?" என்றாள் கார்குழலி.

ஜூலை 4ஆம் தேதி தாள் வந்தது. விசாரணை அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார். ஆகஸ்ட் 17, மாலை 5.15 முதல் இரவு 9.45 வரை, பலத்த மழை, வேலை முழுவதும் நிறுத்தம். கீழே திருமுருகனின் கையெழுத்து, முத்திரை. இது உங்கள் கையெழுத்துதானா என்று அதிகாரி கேட்டார். ஆம் என்றார். அப்படியானால் மழை பெய்ததா, இல்லையா?

திருமுருகன் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். பெய்யவில்லை என்றால் கப்பல் கம்பெனியிடம் பொய்த் தாள் கொடுத்ததாக ஆகும். பெய்தது என்றால் இந்த வழக்குப் போகும். எது பெரிய நஷ்டம் என்று அவர் கூட்டிக் கழித்துப் பார்த்ததை அந்த அறையில் எல்லோரும் பார்த்தோம். சுவர்க் கடிகாரப்படி ஒரு நிமிடம் இருபது விநாடி ஆயிற்று.

"பெய்தது" என்றார்.

எவ்வளவு நேரம் என்றார் அதிகாரி. நாலரை மணி நேரம் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். கார்குழலி எழுந்து, அவர் சொன்னதை இன்னொரு தபா சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அதிகாரி நல்ல மனிதர். படித்தார்.

செப்டம்பர் 12ஆம் தேதி உத்தரவு வந்தது. வேலையின்போது, மழையில் சரக்கை மூடும்போது நேர்ந்த மரணம். மது அருந்தியதாகச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, அது பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. முழு இழப்பீடு வட்டியோடு தர வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. நான் வாழ்த்துச் சொல்லலாம் என்று போனேன். அவள் விசாரணைக் கோப்பின் சான்றிட்ட நகல்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கப்பல் நேரத்தாள்: 5.15 முதல் 9.45 வரை வேலை முழுவதும் நிறுத்தம். மறுபக்கம் திருமுருகனே தாக்கல் செய்த பத்தொன்பது கேட் சீட்டுகள்: 6.31 முதல் 9.40 வரை சரக்கோடு வெளியேறிய லாரிகள்.

"இங்க வேல நின்னுச்சுன்றான், அங்க நடந்துச்சுன்றான். ரெண்டும் அவன் கையெயுத்து. இத்த அந்தக் கப்பல்காரனுக்கு அனுப்பணும் நைனா. இங்கிலீஷ்ல எழுதிக் குடு."

நீ கேட்டது கிடைத்துவிட்டதே என்றேன்.

"அவர் ரத்தத்தக் கழுவிட்டுப் பத்தொம்போது லாரி அனுப்பிகீறான். மழயினாலதான் செத்தாருன்னு சொல்ல ஒரு வருசம் ஆச்சு அவனுக்கு. அந்த மழயில காசு பாக்க மூணே நாள்தான் ஆச்சு."

 மூன்று முறை திருத்தி, நாற்பத்தொரு வரியில் கடிதத்தை எழுதினேன்.  சந்தோஷமாகவே எழுதினேன் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை, கடிதத்தில் கையெழுத்து வாங்க நான் போயிருந்தபோது, பிளாக்கின் கீழே தண்ணீர்த் தொட்டியருகே பரசுராமன் ஆறேழு பேரோடு நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார். அவள் இறங்கி வந்தாள். நானும் பின்னால் வந்தேன்.

"குழலி, உனுக்கு இன்னா வேணுமோ அது வந்துட்ச்சு. இந்தக் கடுதாசி போனா திருமுருகன் காலி. அவன் காலின்னா நாங்க அறுவத்தி ரெண்டு பேரும் ரோட்ல. யோசிச்சியா?"

"அன்னிக்கு மழ பெஞ்சிச்சாண்ணா?"

"அதான் அவரே சொல்ட்டாரே."

"அவரக் கேக்கல. உன்னக் கேக்குறேன்."

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூடிவிட்டார்கள். பரசுராமன் கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் அன்று தளத்தில் இருந்தவர்கள்.

"பெஞ்சிச்சு" என்றார்.

"அவரு குடிச்சிருந்தாரா?"

"சாமியாரு எங்க குடிச்சாரு. இல்ல."

"மேல ஏறச் சொன்னது யாரு?"

"நான்தான்." பிறகு, "கையெயுத்துப் போடலன்னா மேஸ்திரி வேல போயிடும்னான். எனக்கும் ரெண்டு பொண்ணு கீது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அப்ப கடுதாசி வேணாம் இல்ல, என்று கேட்டார்.

"நீ சொன்னது அவருக்கு. கடுதாசி அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தொட்டிச் சுவரின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பதிவுத் தபாலில் போயிற்று.

டிசம்பர் 11ஆம் தேதி கப்பல் கம்பெனியிடமிருந்து முதல் கடிதம் வந்தது: கிடைத்தது, விசாரிக்கிறோம். 2024 ஜனவரி 20ஆம் தேதி திருமுருகன் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். நல்ல பிள்ளைபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ரகுபதி சார், எங்கப்பா காலத்துல நீங்களும் இழுத்தவர்தானே. இப்ப மட்டும் இன்னா சுத்தம்?" என்றார். ஆமாம் என்றேன். மொத்தம் 214, அதில் உங்கள் அப்பாவின் கப்பல்கள் 61 என்று நோட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினேன். முதல் பக்கத்தைப் படித்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 5ஆம் தேதி இரண்டாவது கடிதம். மூன்று ஆண்டுகளில் அவர் இறக்கிய பதினேழு கப்பல்களின் நேரத்தாள்களையும் எடுத்திருந்தார்கள். அந்த நாட்களுக்கு என் நோட்டில் உள்ளதைக் கேட்டிருந்தார்கள். எழுபத்துநான்கு நாட்களைக் கையால் பிரதி எடுத்தேன். தாள்களில் ஏறிய மழை 131 மணி நேரம். என் மாடியில் 29. என் மாடி தளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் தள்ளி இருக்கிறது, இங்கே பெய்வது அங்கே பெய்யாமல் போவதும் உண்டு என்பதை முதல் வரியிலேயே எழுதினேன்.

ஜூன் மாதம் திருமுருகனின் வேலை நின்றது. புதிதாக வந்த ஒப்பந்தக்காரர் அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேரை எடுத்துக்கொண்டார். இருபத்தொரு பேரை எடுக்கவில்லை. பரசுராமன் அந்த இருபத்தொன்றில் ஒருவர். இப்போது மணலியில் நாள் கூலிக்கு லாரி ஏற்றுகிறார். பிளாக்கில் பாதிப் பேர் கார்குழலியோடு பேசுவதை விட்டார்கள். ஜூன் 23ஆம் தேதியும் ஜூலை 7ஆம் தேதியும் மாடியில் உலர்ந்த அவளுடைய சாக்குகள்மேல் யாரோ சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டு முறையும் எல்லாவற்றையும் மறுபடி அலசிப் போட்டாள். யார் என்று விசாரிக்கவில்லை.

வருத்தமாக இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்களப் பாத்தா பாவமா கீது. அவன நெனச்சா இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல வருது. நான் இன்னா பண்ண, சொல்லு" என்றாள்.

அவள் மறுபடி காலண்டர் தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். காலையில் மூன்று இடத்தில் அறிக்கை பார்க்கிறாள். இப்போது மழை வந்த நேரம், விட்ட நேரம் இரண்டையும் சேர்த்து எழுதுகிறாள். அவளோடு பேசாதவர்களும் மாடிக்கு யாரையாவது அனுப்பி, துணி காயப் போடலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அவள் சொல்லி அனுப்புகிறாள். மழை விஷயத்தில் அவள் யாரையும் பழிவாங்குவதில்லை. ஆகஸ்ட் 17 தாளின் கீழ்ப்பாதியை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.

கப்பல் கம்பெனியின் கடைசிக் கடிதம் அவள் பெயருக்கே வந்தது. இரண்டு பக்கம், ஆங்கிலம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, தையல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பதினேழு கப்பல்களுக்கும் கணக்கு மறுபடி போடப்பட்டது; இழுத்த நேரத்துக்கு உரிய அபராதத்தைத் திருமுருகனின் நிறுவனம் ஒப்புக்கொண்டது; இனி அந்தக் கம்பெனியின் எந்தக் கப்பலையும் இந்தக் கரையின் எந்தத் துறைமுகத்திலும் அவர் தொட முடியாது. அந்த வரியை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் தோள் இறங்கியது.

பிறகு, அதில் நிலவன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். கப்பல்களின் பெயர்கள் பதினேழும் இருந்தன. தேதிகள், மணிகள், நிமிடங்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. மறுபடி பார்க்கச் சொன்னாள். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். சரி, அது எங்கிட்ட கீது என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். உறையின் மேல், வந்த தேதியை எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்: 2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை.